ஏழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

முப்பத்தோராவது முறையாக அவன் 'அடுத்து' பொத்தானை அழுத்தினான்.

திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு பச்சை எழுத்துகள் நிதானமாக வந்து உட்கார்ந்தன: 'முன் அனுமதித் துறை தங்களை அன்புடன் வரவேற்கிறது. பக்கம் 1.'

மூன்றாம் பக்கத்தில் அவன் நிரப்பியிருந்த நாற்பத்திரண்டு பெட்டிகளும் துடைத்தாற்போல் காலி. நோயாளியின் வயது, ரத்த வகை, இடது கைப் பெருவிரலின் நீளம், பக்கத்து வீட்டுக்காரரின் உயரம். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மணி பதினொன்று பத்து.

கைபேசி அதிர்ந்தது. மாமா. ஆஸ்பத்திரியிலிருந்து.

"மாப்ள, ஆபரேஷன் தியேட்டர் நாலு மணிக்கு. அனுமதி வந்துச்சான்னு டாக்டரம்மா மூணாவது தடவையா கேட்டுட்டுப் போறாங்க."

"வந்துடும் மாமா. அக்கா எப்படி இருக்கா?"

"முழிச்சுதான் இருக்கா. பேசினா மூச்சு வாங்குது, அதனால பேசல. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்துல அவ இவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பார்த்ததில்ல. பயமா இருக்குடா." மாமா சிரிக்க முயன்றார், இருமலில் முடிந்தது. "நாலு மணியை விட்டா அடுத்த தேதி பதினொரு நாள் கழிச்சுதானாம். அவ இதய வால்வு பதினொரு நாள் தாங்காதுன்னு அவங்களே சொல்றாங்க. நீ அந்த ஆபீசுக்குள்ளயே உக்காந்திருக்க. இதுக்கு மேல உள்ள போகணும்னா கம்ப்யூட்டருக்குள்ளதான் போகணும்."

"அதுக்குள்ளதான் மாமா இருக்கேன்."

உண்மைதான். ஒன்பது நாள் வீட்டிலிருந்து முட்டி மோதிப் பார்த்துவிட்டு, ஜாவா நிரல்மொழி தெரிந்த ஆள் தேவை என்று இந்தத் துறை கொடுத்த விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டு, கெஞ்சிக் கேட்டு வாங்கிய ஒப்பந்த வேலை இது. இன்று முதல் நாள். கையில் கொடுத்த ஆணையில் வேலை தெளிவாக எழுதியிருந்தது: 'தளத்தில் சுற்றுவது போன்ற உணர்வு ஏற்படுவதாக யாரோ தலைமையகத்துக்குக் கைப்படக் கடிதம் எழுதியுள்ளார். அந்த உணர்வை நீக்கவும்.'

சுற்றுவதை நீக்கச் சொல்லவில்லை. உணர்வை மட்டும்.

பின்னால் செருப்புச் சத்தம். கண்காணிப்பாளர். நெஞ்சோடு ஒரு கோப்பை அணைத்தபடி, குழந்தையைத் தூங்கவைப்பவர்போல மெல்ல ஆடிக்கொண்டு நின்றார்.

"என்ன அஞ்சாவது ஆள், பிடிபட்டுச்சா?"

"எனக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்களா சார்?"

"வந்தாங்க. கெட்டிக்காரப் பசங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

கண்காணிப்பாளர் நடைக்கோடியில் இருந்த மூடிய கதவைக் கண்ணால் காட்டினார். அதற்குப் பின்னாலிருந்து டக், டக் என்று ஒரே சீரான ஓசை வந்துகொண்டிருந்தது. அவன் காலையிலிருந்து அதை ஏதோ குழாய்க் கசிவு என்று நினைத்திருந்தான்.

"பணி விடுவிப்புக்கு விண்ணப்பிச்சிருக்காங்க. அதுக்கும் இதே தளம்தான். எல்லா அனுமதிக்கும் ஒரே வாசல், அதுதானே நம்ம பெருமை. மூணாம் பக்கத்துல இருக்காங்க. சாப்பாடெல்லாம் நேரத்துக்குப் போயிடுது."

அவன் பேச்சை மாற்றினான்.

"சார், ஒரு பக்கம் கிடைக்கலைன்னா 'கிடைக்கவில்லை'ன்னு ஒரு அறிவிப்பு வரணும். நானூற்று நாலுன்னு சொல்வாங்க. இங்க அது வரவே மாட்டேங்குது. அது வந்தாதான் எங்க கோளாறுன்னு தெரியும்."

"அதை இயக்குநர் ரத்து பண்ணிட்டார்."

"ரத்துன்னா?"

"சுற்றறிக்கை போட்டு ரத்து. 'இத்துறையில் இல்லை என்று சொல்லும் வழக்கம் இல்லை'ன்னு. எது இல்லைன்னாலும் முதல் பக்கம் வரும். இல்லைன்னு மூஞ்சில அடிக்கறதைவிட வாங்கன்னு கூப்பிடறது மரியாதை இல்லையா? புகார்ப் பக்கம்கூட அப்படித்தான். போன வருஷம் ஒரே ஒரு புகார்கூட வரல." அவர் குரல் தழுதழுத்தது. "எங்க ஆணைகளும் தளத்துல மட்டும்தான் வெளியாகும். பேப்பர் மிச்சம்."

அவர் போனதும் அவன் தளத்தின் வழி வரைபடக் கோப்பைத் திறந்தான். எந்த முகவரியைக் கேட்டால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஜாவா தளம் எழுதிவைத்திருக்கும் கோப்பு அது. இருநூறு வரிகள். நூற்று எட்டாம் வரியில் கண் நின்றது.

ஒரு சாய்கோடு. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. இரண்டே குறிகள். பொருள்: வருவது எதுவானாலும் சரி, இந்த வாசலில் நின்று போக வேண்டும். வாசலின் பெயர் 'இயக்குநர் பார்வை'.

அதில் தப்பில்லை. பல தளங்களில் இப்படி ஒரு வாசல் உண்டு. தப்பு அதற்கு அடுத்த வரியில் இருந்தது. வெளியிலிருந்து வருபவை மட்டுமல்ல, உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கம் இன்னொரு பக்கத்திடம் வேலையைக் கைமாற்றினாலும் அதுவும் வாசலுக்குத் திரும்பி வந்து நிற்க வேண்டும் என்றது அந்த வரி. சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டு வரவேண்டும் என்பதுபோல.

வாசல் தன் கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தது. அனுமதிக்கப்பட்ட முகவரிகள். மொத்தம் மூன்று.

மூன்றாம் பக்கம் நான்காம் பக்கத்தை அழைக்கிறது. அழைப்பு வாசலுக்குப் போகிறது. வாசலுக்கு நான்கைத் தெரியாது. தெரியாததற்கு முதல் பக்கம். நாற்பத்திரண்டு பெட்டிகளும் அந்தரத்தில் கரைகின்றன. அன்புடன் வரவேற்கிறது.

அந்த ஒரு வரியை எடுத்தால் போதும். அரை நிமிட வேலை.

"அரை நிமிஷ வேலைதான் சார்," என்றான், ஓடிப்போய் கண்காணிப்பாளரிடம்.

அவர் முகம் வெளிறியது. "வழியில கை வைக்கணும்னா வழிப்பெயர்க் குழு கூடணும். நல்லவேளை, இன்னைக்கு ஒன்றரைக்குக் கூடுது."

குழு இரண்டு பத்துக்குக் கூடியது.

நீண்ட மேசை. திரை இழுத்துவிட்ட ஜன்னல்கள். தலைப்பக்கத்தில் இயக்குநர்: மெலிந்த உடல், மெல்லிய குரல், சிமிட்டாத கண்கள். வலது பக்கம் ஒரு தடிமனான உறுப்பினர், இடது பக்கம் கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்ட இன்னொருவர். சுவரில் ஒரு கேடயம்: 'நாளொன்றுக்கு நாற்பது லட்சம் வருகைகள்.'

"ஒரே ஆள் திரும்பத் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தா ஒவ்வொண்ணும் ஒரு வருகையா சார்?" என்று அவன் கேட்டுவிட்டான்.

"வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் பத்துத் தடவை வந்தா, பத்துத் தடவை வந்தார்னுதானே சொல்வோம்?" என்றார் இயக்குநர்.

கண்ணாடிக்காரர் கோப்பைப் புரட்டினார். "இரண்டு வருஷத்துல மூணு முகவரிகளுக்கு ஒப்புதல் தந்திருக்கோம். நாலாவது நிலுவையில இருக்கு. முகவரியில வர்ற சாய்கோடு பற்றி உறுப்பினர் ஆட்சேபம் தெரிவிச்சிருக்கார்."

"ஆமா," என்றார் தடியர் சூடாக. "அது சாஞ்சு நிக்குது. அரசாங்க முகவரி நிமிர்ந்து நிக்க வேணாமா? மூணு முகவரி வரைக்கும் பொறுத்துக்கிட்டேன். ஒரு அளவு இருக்குல்ல?"

"சார், உலகம் முழுக்க அப்படித்தான் சாஞ்சு..."

"உலகம் எங்க துறைக்குக் கீழ வரல தம்பி."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு முப்பத்தைந்து. "சார், என் அக்கா ஆஸ்பத்திரியில இருக்கா. நாலு மணிக்கு நெஞ்சைத் திறக்கணும். இந்த ஏழு பக்கமும் முடிஞ்சாதான் அனுமதி. குழு முகவரியைப் பத்தி எப்ப வேணா பேசட்டும். ஒரே ஒரு வரியை மட்டும் இப்ப எடுத்துடறேன்."

நடைக்கோடியின் டக், டக் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது.

இயக்குநர் அன்பாகச் சிரித்தார்.

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா பாருங்க, மக்கள் எங்க வேணா போகலாம். எங்களைத் தாண்டித்தான் போகக் கூடாது. அந்த வரிதான் இந்தத் துறை. அதை எடுத்துட்டா நாங்க எதுக்கு? நீங்க ஒண்ணு செய்யுங்க. முதல் பக்கத்துக்குத் திரும்பி வரும்போது ஒரு பச்சைப் பட்டை போடுங்க. மெதுவா நகர்ற மாதிரி. 'உங்கள் விண்ணப்பம் முன்னேறிக்கொண்டிருக்கிறது'ன்னு கீழ எழுதுங்க. சுத்தற உணர்வு போயிடும்."

"எவ்வளவு தூரம் நகரணும் சார்?"

"முடியற மாதிரி இருக்கணும். முடியக் கூடாது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த கூட்டம் அடுத்த மாதம்.

மூன்று மணிக்கு அவன் சர்வர் அறையின் வாசலில் நின்றான். அங்கே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் அலுவலகமே 'முத்திரை' என்று கூப்பிடும் பழைய எழுத்தர். முத்திரை குத்திக் குத்தி வலது தோள் இடதைவிட ஓர் அங்குலம் இறங்கியிருந்தது.

"சாவி வேணும் அண்ணே."

"சாவிக்கு அஞ்சாம் பக்கத்துல விண்ணப்பிக்கணும்."

"அஞ்சாம் பக்கம் வராதுண்ணே. அதை வரவைக்கத்தான் சாவி கேக்கறேன்."

முத்திரை அவனை நிமிர்ந்து பார்த்தார். குழுவில் நடந்தது அதற்குள் அவர் காதுக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் வேகமாகப் போய்ச் சேர்வது வம்பு மட்டும்தான்.

"கூடப் பொறந்தவளா?"

"ஒரே அக்கா. அம்மா போனப்புறம் அவதான் எல்லாம்."

முத்திரை மெல்ல எழுந்தார். சாவியை மேசைமேல் வைத்தார். "நான் டீ குடிக்கப் போறேன். பத்து நிமிஷம் ஆகும். எதையும் பார்க்கல. பார்க்காம இருக்கறதுல எனக்கு இருபத்தாறு வருஷ அனுபவம்."

உள்ளே குளிர் எலும்பைக் கடித்தது. கறுப்புப் பெட்டிகள் சிவப்புக் கண்களைச் சிமிட்டின. அவன் கோப்பைத் திறந்தான். அந்த வரியை அழித்தான். தளத்தை நிறுத்தி மறுபடி கிளப்பினான். கிளம்ப நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் அவன் சாமி பெயர் எதையும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் உயரத்தை மறக்காமல் இருக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

மூன்று பதினெட்டு. நாற்பத்திரண்டு பெட்டிகள். 'அடுத்து.'

திரை வெளுத்தது.

பக்கம் 4.

அவன் கத்தவில்லை. அடுத்து. ஐந்து. அடுத்து. ஆறு. அங்கே ஒரே கேள்வி: 'இதுவரை சொன்னதெல்லாம் உண்மையா?' ஆம் என்றான். அடுத்து.

ஏழாம் பக்கம்.

அனுமதிச் சீட்டு ஒன்று வரும், அதில் எண் ஒன்று இருக்கும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். வரவில்லை. அங்கே நான்கு வரிகள் மட்டும் இருந்தன. கீழே ஒரு தேதி. படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான்.

பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டான்.

"ஏழாம் பக்கம் கிடைச்சிடுச்சு டாக்டர். முகவரி அனுப்பறேன், நீங்களே பாருங்க."

அரை நிமிடத்தில் பதில் வந்தது. "எனக்கு மூணாம் பக்கம்தான் வருது. பக்கத்து வீட்டுக்காரர் உயரம் கேக்குது."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். கைமாறுவது உள்ளுக்குள் நடக்கிறது. பக்கம் மாறினாலும் மேலே முகவரி மாறாது. திரையில் ஏழு, முகவரியில் மூன்று. அந்த முகவரியை யார் திறந்தாலும் காலிப் பெட்டிகள்தான். கைபேசியில் படம் எடுத்து அனுப்பினான்.

"இது நிஜமா?" டாக்டரம்மாவின் குரல் மாறியிருந்தது. "இந்தத் தேதி நிஜமா?"

"என் கண்ணால பார்த்தேன் டாக்டர்."

"உங்க அக்காவை உள்ள கொண்டு போறேன்." அவர் போனை வைக்க மறந்துவிட்டார். யாரிடமோ சொல்வது கேட்டது: "போன மாசம் அந்தப் பன்னெண்டாம் படுக்கைப் பையன்... கடவுளே."

அவன் திரும்பினான். கதவில் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அவர் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, எதிரில் ஒரு நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"நானும் படிச்சேன். அது மேலிடத்துலேர்ந்து வந்த அன்னைக்குக் காலையிலயே. ரெண்டு நாள் தூக்கம் வரல. மூணாவது நாள் குழுவை அமைச்சு, வாசலை வெச்சு, அந்த வரியைப் போட்டேன். அதுலேர்ந்து நல்லாத் தூங்கறேன்."

"எத்தனை பேர் சார் திரும்பிப் போயிருப்பாங்க?"

"கேடயத்துல இருக்கே."

"அவங்கள்ல எத்தனை பேர் அனுமதிக்குக் காத்திருந்தே..."

"அந்தக் கணக்கு வேற துறை." அவர் கோபப்படவே இல்லை. "இந்தக் கட்டடத்துல நூத்திப் பதினாலு பேர். எல்லாருக்கும் வீடு, வாசல், படிக்கற பிள்ளைங்க. தெரியாதுன்னா நினைக்கறீங்க? பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் ஏழாம் பக்கம் போனதில்லை, அவ்வளவுதான்." குரலை இன்னும் தாழ்த்தினார். "உங்க டாக்டர் இந்நேரம் கத்தியோட நிப்பாங்க. அவங்க கையில இருக்கறது ஒரு போட்டோ. போட்டோ செல்லாது. எங்க தளத்துல இருந்தாதான் செல்லும். நாளைக்கு விசாரணைன்னு யாராவது தளத்தைப் பார்ப்பாங்க, முதல் பக்கம் வரும். அனுமதி இல்லாம நெஞ்சைத் திறந்த டாக்டர்னு ஒரு கடிதம் போகும். அது கையால போகும். சுத்தாது. உங்க அக்காவுக்கு அப்புறம் எந்த ஆஸ்பத்திரி மருந்து தரும்னு யோசிங்க."

"என்ன செய்யணும் சார்?"

"எடுத்த வரியைத் திருப்பி வைங்க. டாக்டர் பேர்ல கடிதம் போகாம நான் பார்த்துக்கறேன்."

அவன் திருப்பி வைத்தான். எழுத்து மாறாமல், இடம் மாறாமல். தளத்தை நிறுத்திக் கிளப்பினான். இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து தானே பெட்டிகளை நிரப்பி, தானே 'அடுத்து' அழுத்தினார். திரை வெளுத்தது. அன்புடன் வரவேற்கிறது. பக்கம் 1.

"அழகு," என்றார். எழுந்து சட்டையை நீவிக்கொண்டார். "பட்டையைப் போட்டுட்டு, விடுவிப்புக்கு விண்ணப்பிச்சுடுங்க. அந்த அறையில இன்னொரு நாற்காலி போடச் சொல்றேன்."

காலடிச் சத்தம் தேய்ந்தது. டீ குடிக்கப் போயிருந்த முத்திரை வாசலில் வந்து உட்கார்ந்து, எதிர்ச்சுவரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

அவன் சிவப்புக் கண்களுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்தான். அந்த வரியைத் தொட முடியாது. வாசலைத் தொட முடியாது. பட்டியலில் ஒரு முகவரியைச் சேர்க்க முடியாது. காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சரிபார்ப்பார்கள். முகவரி, முகவரி, முகவரி. குழு கூடுவது அதற்கு. சண்டை அதற்கு. சாய்கோடு அதற்கு.

ஒரு முகவரிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த இரண்டு வருடத்தில் ஒருவராவது கேட்டாரா?

முதுகு நிமிர்ந்தது. ஏழாம் பக்கத்தின் கோப்பைத் திறந்து நான்கு வரிகளையும் தேதியையும் நகல் எடுத்தான். முதல் பக்கத்தின் கோப்பைத் திறந்தான். 'அன்புடன் வரவேற்கிறது' என்பதை அழித்துவிட்டு அங்கே ஒட்டினான். இதற்குத் தளத்தை நிறுத்திக் கிளப்பவும் தேவையில்லை. பக்கத்தின் கோப்பு மாறினால் ஜாவா தானே புதிதாக எடுத்துக்கொள்ளும். முகவரி அதேதான். பட்டியல் அதேதான். இனி யார் எந்தப் பக்கம் கேட்டாலும், எது இல்லாமல் போனாலும், எத்தனை முறை சுற்றினாலும் வாசல் தன் கடமை தவறாமல் அவர்களை இங்கேதான் கொண்டுவந்து நிறுத்தும்.

நாளொன்றுக்கு நாற்பது லட்சம் முறை.

சேமித்தான். எழுந்தான். முத்திரை சுவரைப் பார்த்தபடியே நாற்காலியைச் சற்று ஒதுக்கி வழி விட்டார்.

நடையில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. பிறகு அவனுக்கு உறைத்தது: டக், டக் நின்றுவிட்டிருந்தது. எங்கோ ஒரு நாற்காலி விழுந்தது. மேல்மாடியில் கண்காணிப்பாளர் யாருடைய பெயரையோ அலறினார். தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க ஆரம்பித்தன, ஒருவரும் எடுக்கவில்லை.

அவன் படியிறங்கித் தெருவுக்கு வந்து நெடுநேரம் நடந்தான். ஆறே முக்காலுக்கு மாமா கூப்பிட்டார்.

"மாப்ள." அழுதுகொண்டிருந்தார். "வெளிய வந்துட்டாடா. தானா மூச்சு விடறா. டாக்டரம்மா ரெண்டு விரலைக் காட்டி எத்தனைன்னாங்க, 'உங்களுக்குத் தெரியாதா'ன்னு கேட்டிருக்கா. அவ்வளவுதான், பழைய ஆளு திரும்பி வந்துட்டா."

அவன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொண்ணுடா. இங்க கீழ் கூடத்துல அனுமதிக்காகப் போனோட காத்துக்கிட்டிருந்த ஜனங்க எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. ஒரு அம்மா மட்டும் பையன் போட்டோவைக் கையில வெச்சுக்கிட்டு அந்தத் தேதியையே திரும்பத் திரும்பப் படிக்கறாங்க. கொஞ்ச பேர் வாசல் பக்கமா நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. எங்க போறீங்கன்னு கேட்டேன். உங்க ஆபீஸ் பேரைச் சொல்றாங்க. என்னடா எழுதியிருக்கு அதுல? என் கண்ணாடி வார்டுல மாட்டிக்கிச்சு."

அவன் மெதுவாக, வரி வரியாகச் சொன்னான்.

"இன்று முதல் எந்த அறுவை சிகிச்சைக்கும் முன் அனுமதி தேவையில்லை. மருத்துவரின் முடிவே இறுதியானது. இதுவரை வந்த விண்ணப்பங்கள் அனைத்தும் ஏற்கப்பட்டன. முன் அனுமதித் துறை இன்று மாலை ஐந்து மணியுடன் கலைக்கப்படுகிறது."

"நல்லதுதானே மாப்ள? இன்னைக்குத் தேதியா?"

"இல்ல மாமா. ரெண்டு வருஷம் நாலு மாசத்துக்கு முன்னாடி."